ஒரு மூடி சாஃப்ட்னர்

1

இந்தக் கதை ஒரு பிறந்தநாள் கேக்கின் பக்கத்தில் கிடைத்தது. நான் தேடிப் போகவில்லை. தட்டை வைத்துக்கொண்டு சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

அங்கே ஓர் இளம் தகப்பன், தன் கைக்குழந்தையைக் கடை டயப்பரிலிருந்து துணி டயப்பருக்கு மாற்றிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். நன்றாகவே பேசினான். நாம் தூக்கி எறிகிற டயப்பர் நம் பேரன் பேத்தி காலத்திலும் மண்ணுக்குள் அப்படியே கிடக்கும் என்று கையை விரித்துக் காட்டினான். "நாங்க மாறிட்டோம்", "நாங்க தோய்க்கறோம்", "நாங்க காயப்போடறோம்" என்று வரிக்கு வரி ஒரு நாங்க. சுற்றி நின்றவர்கள் சொக்கிப்போனார்கள். ஒரு பெண்மணி, "இந்தக் காலத்துல இப்படி ஒரு அப்பாவா!" என்று கேக் வெட்டுவதற்கு முன்பே கைதட்டிவிட்டாள்.

அவன் மனைவி பக்கத்து நாற்காலியில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரோ ஒப்புக்கு அவள் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்கள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "கைதான் எப்பவும் ஈரமா இருக்கு."

அவ்வளவுதான். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. நான் வெறும் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

அதே வாரம் ஒரு மாத இதழின் ஆசிரியை ஃபோன் செய்தாள். இயற்கையான குழந்தை வளர்ப்பு பற்றிச் சிறப்பிதழ் போடுகிறார்களாம். மனதுக்கு இதமாக ஒரு கதை வேண்டுமாம். துணி டயப்பரைப் பற்றி எழுதலாமா என்றேன். "அருமை!" என்று குதித்தாள். இதமாக இருக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. அவளும் அழுத்திக் கேட்கவில்லை.

கேக் பக்கத்தில் பார்த்த அந்த இரண்டு பேரைப் பற்றி எனக்கு இதற்கு மேல் ஒன்றும் தெரியாது. இனி வருகிற கணவனும் மனைவியும் குழந்தையும் நான் உட்கார்ந்து கட்டியவர்கள். அந்த ஒரு வரி மட்டும் அவளுடையது.

2

முதல் தொடக்கம்:

*காலை வெயிலில் வெள்ளை வெள்ளையாய்க் காயும் அந்தச் சின்னத் துணிகளைப் பார்க்கும்போதெல்லாம் அவள் மனதில் ஒரு*

ஒரு என்ன? நிம்மதியா? பூரிப்பா? துணி காயப்போட்ட எந்தப் பெண்ணும் கொடியைப் பார்த்துப் பூரித்ததாக எனக்குத் தெரியவில்லை. வானத்தைத்தான் பார்ப்பாள், மழை வருமா என்று. விட்டுவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்:

*வங்கியிலிருந்து களைத்துத் திரும்பியவள் கைப்பையைக் கீழே வைப்பதற்குள், குளியலறை வாளியிலிருந்து வந்த வாடை*

வாடை சரி. வங்கிதான் உதைக்கிறது. கதையில் வேலைக்குப் போகிற பெண் என்றாலே என் கை தானாக வங்கி என்று எழுதிவிடுகிறது. வங்கிக்காரிக்கு இந்தக் கதையில் பிழைப்பு இல்லை. பின்னால் இவள் ஒரு காரியம் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்குத் துணியைப் பற்றி அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே ஒரே வரியில் அவளை இடம் மாற்றினேன். யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டாம், சிபாரிசு வேண்டாம். எழுத்து வேலையில் இருக்கிற ஒரே சுகம் அதுதான்.

மூன்றாம் தொடக்கம்:

*அவள் துண்டு ஆலையில் சோதனை அறையில் வேலை பார்த்தாள்.*

இது நிற்கும்.

ஓட்டல்களுக்குப் போகிற குளியல் துண்டுகளை நெய்கிற ஆலை அது. ஒவ்வொரு சரக்கிலிருந்தும் ஒரு துண்டு அவள் மேசைக்கு வரும். அதை ஒரு வளையத்தில் விறைப்பாக மாட்டுவாள். மேலே இருக்கும் கண்ணாடிக் குழாயிலிருந்து ஒரே ஒரு சொட்டுத் தண்ணீரை விடுவாள். சொட்டு விழுந்ததும் துணிக்குள் மறைந்தால் சரக்கு தேறியது. மறையாமல் மணி மாதிரி மேலேயே உட்கார்ந்திருந்தால் அத்தனை துண்டும் திரும்பிப் போகும். இதனால் ஆலையில் அவளுக்குச் சொட்டுக்காரி என்று பெயர். நானும் அப்படியே கூப்பிடப்போகிறேன்.

அவள் தலையாட்டாமல் லாரி நகராது. மேலாளரே இறங்கி வந்து, "இந்த ஒரு தடவை கண்டுக்காம விட்டுடும்மா," என்று கேட்டாலும், "சொட்டு நிக்குது சார்," என்பாள். நின்றால் நின்றதுதான். மேலாளர் முனகிக்கொண்டே போய்விடுவார். உலகத்தில் அவள் சொல் செல்லுபடியாகிற இடம் அந்தச் சின்ன அறை ஒன்றுதான். பிள்ளைப்பேற்று விடுப்பு முடிந்து அவள் அந்த அறைக்குத் திரும்பிய நாளில், தன் ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் வெறுமனே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு ஆறுதலாக இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் பறிபோகப் பார்ப்பது அந்த ஸ்டூல்தான்.

(கொஞ்சம் இருங்கள். வாசல் மணி அடிக்கிறது.)

(பார்சல். எனக்கில்லை.)

3

கணவன் கட்டட வரைபடம் போடுகிறவன். வீட்டிலேயே ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, கணினியில் ஊராருக்கெல்லாம் வீடு வரைந்து கொடுப்பான். செருப்பு வைக்கத் தனி இடம் விடுவான். நாய்க்குக்கூட ஒரு மூலை ஒதுக்குவான். துணி காயப்போட மட்டும் இடம் விட மாட்டான். கேட்டால், "வீட்டோட முகமே கெட்டுடும்" என்பான். அப்படி முகம் கெடாத வீடு ஒன்றில்தான் அவர்களும் வாடகைக்கு இருந்தார்கள்.

கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் என் வேலை சுலபம். நாலு அடி, ஒரு பாட்டில், ஒரு தூக்கியெறிந்த தட்டு என்று முடித்துக்கொண்டு போயிருப்பேன். இவன் குரலை உயர்த்தவே மாட்டான். பையனைத் தோளில் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் கொஞ்சுவான். பையன் நனைந்துவிட்டால் மட்டும் இரண்டு கையாலும் எட்டப் பிடித்துக்கொண்டு வந்து அவளிடம் கொடுத்துவிடுவான்.

(பையனை வீட்டில் உருண்டை என்று கூப்பிடுவார்கள். பார்த்தால் வேறு பெயர் வாயில் வராது.)

உருண்டைக்குத் தொடையிடுக்கில் சிவந்து தடித்தது. டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்து, "கொஞ்ச நேரம் காத்தாட விடுங்க, சரியாப் போகும்," என்றார். வரைபடக்காரன் அதோடு விடவில்லை. வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினான். சாப்பிடும்போது பார்த்தான், படுக்கையில் பார்த்தான். பெட்டி ஒன்று வந்து இறங்கியது. பூப்போட்ட வெளியுறைகள், அவற்றுக்குள் திணிக்கத் தடித்த உள்துணிகள். வீட்டில் மீதியிருந்த கடை டயப்பர் கட்டைப் பிரிக்காமலே கீழ்வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தான்.

"இனிமே நம்ம வீட்டுலேருந்து இந்தக் குப்பை ஒண்ணுகூட வெளிய போகாது," என்றான்.

"யாருங்க தோய்க்கறது?"

"மெஷின்தானே தோய்க்கப்போகுது? என்னமோ நீ ஆத்துல போய் அடிச்சுத் தோய்க்கற மாதிரி கேக்கறியே."

மெஷின் என்னவெல்லாம் செய்யாது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கழிவறை முன்னால் குந்தி உட்கார்ந்து வழித்து விடாது. முதல் அலசு அலசாது. ஊறவைத்த வாளியைத் திறக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளாது. எடுத்து உதறி, ஜன்னல் கம்பியிலும் நாற்காலி முதுகிலும் இடம் தேடி, பாதி காய்ந்ததைத் திருப்பிப் போட்டு, தூறல் விழுந்தால் ஓடி, கடைசியில் ஒவ்வொரு உறைக்குள்ளும் துணியைத் திணித்து அடுக்கி வைக்காது. இத்தனைக்கும் நடுவில் கொஞ்ச நேரம் சுற்றுவது மட்டும்தான் மெஷினின் பங்கு. சொட்டுக்காரி வேலைக்குக் கிளம்பும் முன் பாதியும், திரும்பி வந்தபின் பாதியுமாகச் செய்து முடித்தாள்.

உருண்டையின் தொடை ஆறிவிட்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும். துணி நல்ல துணி. இந்தக் கதையில் துணியின் பேரில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

4

பகல் முழுக்க உருண்டை இருப்பது ஆலைக்குப் போகும் வழியில் உள்ள குழந்தைக் காப்பகத்தில். அதை நடத்துகிற மேடம் அன்று பையைத் திறந்தவுடன் மூக்கைச் சுருக்கினாள்.

"இதென்னங்க, துணியா?"

"ஆமாங்க. மாத்தினதும் இந்த ஜிப் பையில போட்டு வெச்சாப் போதும். நான் எடுத்துட்டுப் போய்த் தோய்ச்சுக்கறேன்."

"உங்களுக்குப் போதும். எனக்கு இருக்கறது ரெண்டே ஆயா. இத்தனை பசங்களுக்கு நடுவுல ஈரப்பையைக் கட்டிக் காக்க முடியுமா? கடை டயப்பர்னா சுருட்டினோமா, எறிஞ்சோமான்னு வேலை முடிஞ்சது. அதையே போட்டு அனுப்புங்க. இல்லன்னா வேற இடம் பாத்துக்கங்க, தப்பா நெனச்சுக்காதீங்க."

சொட்டுக்காரி தப்பாக நினைக்கவில்லை. அந்த இரண்டு ஆயாக்களின் கையைப் பார்த்தாள். அவையும் ஈரமாகத்தான் இருந்தன.

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். "பகல்ல மட்டும் கடை டயப்பர் போட்டு அனுப்பிடலாம்ங்க. வீட்டுல இருக்கறப்ப துணி."

"அப்பறம் எதுக்கு மாறினோம்?" என்றான். "பாதி மாறினா மாறவே இல்லன்னு அர்த்தம். எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு வேற."

"வேற என்ன பண்றது?"

"கொஞ்ச நாளைக்குக் காப்பகமே வேணாம். நீ லீவு போட்டுடு. அவன் பழகற வரைக்கும்."

"நீங்க வீட்டுலதானே இருக்கீங்க?"

அவன் முகம் சுண்டிப்போயிற்று. அவள் ஏதோ கைநீட்டி அடித்துவிட்டதைப் போலப் பார்த்தான். "வீட்டுல இருக்கேன்னா வெட்டியா இருக்கேன்னு நெனச்சுட்ட இல்ல?"

அப்படி நினைக்கவில்லை என்று நிரூபிக்க அவள் லீவு எழுதிக் கொடுத்தாள். சண்டைகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன. கேட்டவள் மன்னிப்பும் கேட்டுவிட்டு, கேட்ட வேலையையும் தானே செய்வாள்.

ஆலையில் மேற்பார்வை பார்க்கிற அம்மா லீவுக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு மாசம் எப்படியாவது சமாளிக்கறேன். அதுக்கு மேல போனா உன் இடத்துக்கு ஆள் போட்டுடுவாங்க. ரெண்டாம் ஷிஃப்ட்காரி இப்பவே உன் ஸ்டூலை அவ உயரத்துக்கு ஏத்தி வெச்சுட்டா, தெரியுமா?"

(மோட்டாரை நிறுத்திவிட்டு வருகிறேன். தொட்டி நிரம்பி வழிகிறது. அந்தச் சத்தம் எப்படியோ எனக்கு மட்டும்தான் கேட்கிறது.)

5

இங்கே கதை முட்டிக்கொண்டு நின்றது. சில நாள் இதைத் தொடவே இல்லை.

என் முதல் திட்டம் வேறு. மனைவிக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று கணவன் ஒரு நாள் தானே துணியை மெஷினில் போடுகிறான், வாசனையாக இருக்கட்டும் என்று சாஃப்ட்னரைத் தாராளமாக ஊற்றுகிறான், துணி கெட்டுப்போகிறது, ஒரே களேபரம், கடைசியில் இருவரும் சிரிக்கிறார்கள்.\* இதமான கதை. ஆசிரியை வாரி அணைத்துக்கொண்டிருப்பாள். ஒரே ஒரு தொந்தரவு. இதற்கு அவன் மெஷின் பக்கம் வர வேண்டும். எழுதி எழுதிப் பார்த்தேன், வரவழைக்க முடியவில்லை. ஆகவே பாட்டிலை அவள் கையில் கொடுத்தேன்.

\* சாஃப்ட்னரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: துணி மெத்தென்று இருக்கக் கடைசி அலசலில் ஊற்றுகிற வாசனைத் திரவம். நூலின் மேல் மெழுகு தடவினாற்போல் ஒரு படலத்தை விட்டுவிட்டுப் போகும். தொட்டால் சுகமாக இருக்கும், தண்ணீர் உள்ளே இறங்காது. துண்டுக்கும் துணி டயப்பருக்கும் இது ஆகவே ஆகாது. சொட்டுக்காரிக்கு இது அரிச்சுவடி. அவன் பார்த்த வீடியோக்களிலும் இது இருந்திருக்கும். தோய்க்கிற பகுதி வந்தவுடன் அவன் தள்ளிவிட்டிருப்பான்.

லீவு பாதி கரைந்திருந்தது. அவன் "பழகற வரைக்கும்" என்று சொன்னதை மறந்தே போயிருந்தான். அவள் எடுத்துச் சொன்னபோதெல்லாம், "பாக்கலாம், பாக்கலாம்," என்றான். ஒரு நாள் காலை, அறைக் கதவு சாத்தியதும், அவள் உள்துணிகளை மட்டும் தனியாக மெஷினில் போட்டாள். கடையிலிருந்து வாங்கி வந்த பாட்டிலைத் திறந்து ஒரு மூடி ஊற்றினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு மூடி ஊற்றினாள்.

துணி காய்ந்ததும் சமையல் மேடையில் ஒன்றை விரித்தாள். விரலைத் தண்ணீரில் நனைத்து மேலே பிடித்தாள். ஒரு சொட்டு விழுந்தது. குனிந்து, கண்ணைத் துணி மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். சொட்டு உருண்டையாக உட்கார்ந்திருந்தது. மேடையை லேசாகத் தட்டினாள். சொட்டு ஆடியது, உள்ளே போகவில்லை.

"தேறலை," என்று வாய்விட்டுச் சொன்னாள். அந்த வீட்டில் அவள் சொன்னது சொன்னபடி நின்றது அன்றைக்குத்தான்.

பிறகு வேடிக்கை ஆரம்பித்தது. மெத்தை நனைந்தது. சோபா நனைந்தது. வாடிக்கையாளர் ஒருவரோடு கணினியில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த வரைபடக்காரன், பெருமையாக மகனை மடியில் தூக்கி வைத்துக் காட்டினான். அடுத்த நிமிஷம், "ஐயய்யோ!" என்று துள்ளி எழுந்தான். வாடிக்கையாளர் அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தார். சொட்டுக்காரி சமையலறையில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் எழுதும்போது சிரிப்பு வந்தது. நீங்களும் சிரித்திருந்தால் தப்பில்லை.

இந்த இடத்தோடு நான் நிறுத்திக்கொள்ளலாம். அடுத்த பத்தியை எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் துணி உறிஞ்சாத ஈரம் எங்கே போகும்? குழந்தையின் தோலிலேயே நிற்கும்.

உருண்டைக்கு மறுபடி சிவந்தது. களிம்பு பட்டதும் காலை உதைத்துக்கொண்டு வீரிட்டான். அவள் ஊதி ஊதித் தடவினாள். "ரெண்டே நாள்டா கண்ணா," என்றாள். "உங்கப்பாவே வெறுத்துப்போய்க் கடை டயப்பர் வாங்கிட்டு வந்துடுவாரு. அம்மாவும் வேலைக்குப் போயிடுவேன். ரெண்டே நாள் பொறுத்துக்கோடா." ஈரம் அதிக நேரம் நிற்கக் கூடாதே என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் தொட்டுப் பார்த்து மாற்றினாள். தோய்க்கிற துணி இரண்டு மடங்காயிற்று.

ஒரு தாய் இப்படிச் செய்வாளா என்று கேட்கிறீர்கள். நானும் கேட்டேன். அவளை எனக்கு இந்த இடத்தில் பிடிக்கவில்லை. நேராக நின்று சண்டை போட்டிருக்கலாமே என்று திட்டினேன். நாலாம் பகுதியைத் திரும்பப் படித்தேன். நேராகத்தான் கேட்டிருக்கிறாள். "நீங்க வீட்டுலதானே இருக்கீங்க?" என்பதைவிட நேராக எப்படிக் கேட்பது?

(மன்னிக்கவும். கண்ணாடியைத் தேடிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் நெற்றியிலேயே ஏற்றி வைத்திருந்தார்.)

6

அவள் எதிர்பார்த்த நாள் வந்தது. வரைபடக்காரன் அறைக்குள் ஃபோனில் தன் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அவளுக்கும் கேட்டது.

"துணின்னா அப்படித்தான்டா தம்பி," என்றாள் அக்கா. "நனைஞ்ச உடனே மாத்தணும். காசு வாங்கிட்டுப் பாக்கறவ எவடா அப்படி மாத்துவா? பெத்தவ பக்கத்துலயே இருக்கணும். அவகிட்ட சொல்லு."

அவன் வெளியே வந்தான். முகத்தில் ஒரு தெளிவு. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரொம்ப இதமாகத்தான் பேசினான். ஆசிரியை கேட்ட இதம் இந்தக் கதையில் இங்கே ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

"தப்பு துணி மேல இல்ல. நாமதான் சரியா மாத்தல. நீ லீவுல கூட இருந்தே இப்படின்னா, காப்பகத்துல என்ன ஆகும்? இதுக்குன்னு ஒரு ஆள் எப்பவும் கூடவே இருந்தாத்தான் சரிப்படும். நீ வேலைய விட்டுடு. நான் இருக்கேன், நீ ஏன் கவலைப்படற?"

"திரும்பக் கடை டயப்பரே வாங்கிடலாமே?" என்றாள்.

"அதுதான் அவனுக்கு ஒத்துக்கலையே, மறந்துட்டியா? திரும்பவும் எப்படிச் சிவந்திருக்கு பாரு. துணியிலயே இப்படின்னா, அதுல எப்படி இருக்கும்?"

அவள் ஊற்றிய மூடிகள் அத்தனையும் அவனுக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன. அவன் அவள் தலையை ஆதரவாகத் தடவிக் கொடுத்தான். அந்தக் கை நன்றாகக் காய்ந்து, வெதுவெதுப்பாக இருந்தது. தடவிவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

7

இனி முடிவுகள். இருப்பதையெல்லாம் கொட்டிக் காட்டிவிடுகிறேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறாள். அவன் கத்த மாட்டான் என்று முன்பே சொன்னேன். குழந்தையைப் பார்ப்பான், அவளைப் பார்ப்பான். "குழந்தை மேலயா?" என்று மட்டும் கேட்பான். அந்த இரண்டு சொல் அந்த வீட்டில் உருண்டைக்குக் கல்யாணம் ஆகும்வரை கேட்கும். அக்காவுக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். "அவளை நம்பி எப்படிடா பிள்ளைய விடறது?" என்பாள். ஆனால் அவளிடம்தான் விடுவார்கள். அந்தக் கேள்வி கேட்கிற ஒருவரும் ஒரு நாளாவது வந்து பார்த்துக்கொள்ளப் போவதில்லை.

சொல்லாமல் விடுகிறாள். உள்துணிகளை வெந்நீரில் போட்டு அலசி அலசி, படலம் போகும்வரை தோய்க்கிறாள். சொட்டு மறுபடி உள்ளே இறங்குகிறது. உருண்டைக்கு ஆறிவிடுகிறது. வரைபடக்காரன் சொல்வான்: "பாத்தியா? நீ வேலைய விட்டுட்டு வீட்டுல இருந்ததும் எல்லாம் சரியாயிடுச்சு." ஆறாவிட்டாலும் அவள் வீட்டில் இருக்க வேண்டும், ஆறினாலும் இருக்க வேண்டும். இந்த முடிவை எழுதியபோது பேனாவைத் தூக்கி எறியத் தோன்றியது.

இந்த இரண்டையும் ஆசிரியைக்கு ஃபோனில் படித்துக் காட்டினேன்.

"ரொம்பக் கசக்குதுங்க," என்றாள். "அவன் தானாவே புரிஞ்சுக்கற மாதிரி ஒரு சின்ன இடம் வைங்களேன். பெருசா வேணாம். ஒரே ஒரு துணிய எடுத்து அவன் காயப்போட்டாக்கூடப் போதும். படிக்கறவங்களுக்கு ஒரு நம்பிக்கை வரும்ல?"

நியாயமான கேள்வி. உட்கார்ந்தேன்.

*மெஷின் நின்ற சத்தம் கேட்டதும் வரைபடக்காரன், போட்டுக்கொண்டிருந்த கோட்டை அப்படியே விட்டுவிட்டு*

விட மாட்டான். முடித்துவிட்டு வரலாம் என்று இருப்பான். அதற்குள் அவள் எடுத்து உதறியிருப்பாள்.

*அவள் குளித்துக்கொண்டிருந்தாள். குழந்தை வீரிட்டது. வேறு வழியில்லாமல் அவன் எழுந்து*

குளியலறைக் கதவைத் தட்டுவான்.

*அவள் காய்ச்சலில் விழுந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. அவன்*

அக்கா வந்துவிடுவாள்.

*திடீரென்று ஒரு நாள் அவனுக்கு*

எதற்குத் திடீரென்று? யார் சொல்லி?

எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. வங்கிக்காரியை ஒரே வரியில் ஆலைக்காரியாக்கினேன். வேண்டுமென்றால் மழை பெய்ய வைப்பேன், ஆலையை இழுத்து மூடுவேன், ஆளையே தீர்த்துக்கட்டுவேன். எல்லாவற்றையும் நீங்கள் நம்புவீர்கள். கைகால் நன்றாக இருக்கிற ஓர் ஆண்பிள்ளையை, கேட்காமல் கெஞ்சாமல், நாற்காலியிலிருந்து எழுப்பிப் பக்கத்தில் இருக்கிற மெஷின்வரை நடத்திக்கொண்டு வர, நம்பும்படியாக ஒரு வரி என்னிடம் இல்லை.

(வருகிறேன். சட்டைப் பொத்தான்.)

8

ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். தப்பித்துக்கொள்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

நிலவரம் இதுதான். லீவு இன்றோடு முடிகிறது. மேற்பார்வை பார்க்கிற அம்மா ஃபோனுக்குக் காத்திருக்கிறாள். "வர்றேன்" என்றால் ஸ்டூல் சொட்டுக்காரிக்கு. "வரலை" என்றால் அதை இன்னொருத்தியின் உயரத்துக்கு ஒரேயடியாக இறுக்கிவிடுவார்கள். பாட்டிலில் இன்னும் பாதி இருக்கிறது. அதைப் பற்றி அவளுக்கும் எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும்.

நிபந்தனை ஒன்றே ஒன்று. நம்பும்படி இருக்க வேண்டும்.

எனக்குக் கற்பனை வற்றிவிட்டது என்று ஆசிரியை நினைக்கிறாள். இருக்கலாம். இந்தக் கதையை எழுதி முடிப்பதற்குள் நான் எழுந்து போன அடைப்புக்குறிகளை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். வீட்டில் நான் மட்டும் இல்லை. இன்னொருவரும் இருக்கிறார். குரலை உயர்த்தவே மாட்டார். பார்க்காத ஒன்றை எழுதுவது என் தொழில்தான். ஆனாலும் இந்த ஒன்று எப்படி இருக்கும் என்று எனக்குத் துளியும் தெரியவில்லை.

தொடக்கம் மட்டும் தருகிறேன். மீதி உங்கள் பாடு.

*மெஷின் சுற்றி முடித்து நின்றது. உருண்டை தூக்கம் கலைந்து அழ ஆரம்பித்தான். சொட்டுக்காரி ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது. சாத்திய கதவுக்குப் பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வரைபடக்காரன் எழுந்து, கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து,*

(இதோ வந்துட்டேன்!)